வாத்து மூக்கில் வெளிச்சம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கால்நடை மருத்துவர்களுக்கு நாலு வார்த்தை நல்லதாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கே தெரியும். தெரிந்தும் கேட்டுவிட்டார்கள். அதனால், என் பணிக்காலம் முழுக்க என் ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொண்டே இருந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுதுகிறேன். அந்த வாக்கியம் இதுதான்: "கோழி மாதிரிதானே சார்?"

வாத்தைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் யாராவது இதைச் சொல்வார்கள். தீவனக் கடைக்காரர் சொல்வார். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி சொல்வார். நம் ஆட்களே சொல்வார்கள், அதுதான் எனக்குத் தாங்காது. மாட்டை ஆடு மாதிரிதானே என்று எந்த டாக்டராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வாத்துக்கு மட்டும் ஏன் இந்த அநியாயம்?

கல்லூரியில் எனக்கு உடற்கூறு சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒரு வாத்து மண்டையோட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். நாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒருவன் அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது பின்னாடி உடஞ்சிருக்கு, வேற குடுங்க" என்றான். மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் பெரிய துளைக்கு இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு துளைகள் இருந்தன. கோழிக்கு அவை கிடையாது, வாத்துக்கு உண்டு. "உடஞ்சது ஓடு இல்லடா, உன் கண்ணு" என்றார் அவர். பிறகு மேல் அலகு நெற்றியோடு சேரும் பக்கத்தில் இருக்கும் மூக்குத் துளைகளை ஜன்னல் பக்கம் திருப்பி எங்கள் ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேராகப் பிடித்தார். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கத்து வேப்பமரம் தெரிந்தது. இரண்டு துளைகளுக்கும் நடுவில் அந்த இடத்தில் தடுப்பு இல்லை. உயிருள்ள வாத்துக்கும் அப்படித்தான். கோழி மூக்கில் கண்ணை வைத்தால் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது.

இதெல்லாம் பரீட்சைக்குப் படித்து மறக்கிற விஷயம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

விருத்தாசலத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு வாத்தைக் கொண்டுவந்தார்கள். மேல் அலகு முழுவதும் நூலால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. என்னவென்று கேட்டேன். மேல் அலகு ஆடுகிறது, எலும்பு முறிந்துவிட்டது என்று பக்கத்து ஊரில் யாரோ கை மருத்துவம் பார்த்துக் கட்டு போட்டுவிட்டாராம். வாத்தின் மேல் அலகு ஆடத்தான் செய்யும். நெற்றியோடு சேரும் இடத்தில் எலும்பு மெலிந்து கீல் போல் மடங்கும். அது ஆடினால்தான் அந்தப் பறவை சேற்றைக் கவ்வித் துழாவித் தின்ன முடியும். உங்கள் வாயில் ஒருவர் நூலைச் சுற்றிக் கட்டிவிட்டு எலும்பு கூடும் வரை பொறுங்கள் என்றால் எப்படி இருக்கும்? கட்டை அவிழ்த்துவிட்டதும் அது நேராகப் போய் என் செருப்பைக் கடித்துத் துழாவியது. அவ்வளவு பசி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதெல்லாம் சில்லறைக் கதைகள். நான் சொல்ல வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்தது. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகம்.

அறுவடை முடிந்த காலம். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்கிற பெண் தன் வாத்துக் கூட்டத்தை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். சில நூறு வாத்துகள். அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போவது அவர்கள் தொழில். புருஷன் இறந்த பிறகு அவள் ஒருத்தியாகவே கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தாள். அந்த வாத்துகளைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை. ஸ்ரீமுஷ்ணம் போகும் சாலையில், ஒரு தனியார் செராமிக் யூனிட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் பட்டி போட்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் என் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒருவரிடமிருந்து அல்ல, ஊரே அனுப்பியது. வாத்துகள் கண்ணுக்குக் கீழே முகம் வீங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு மூன்று செத்துக் கிடக்கின்றன. பின்னணியில் ஒரு குரல், "பறவக் காய்ச்சல் நம்ம ஊருக்கு வந்துடுச்சு மக்களே" என்று சந்தோஷமாகவே சொல்கிறது. இந்த மக்களே என்று விளிக்கிற ஆட்களைத் தனியாக ஒரு நாள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டிருந்தது. எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் நிவேதா, கோழிப் பண்ணைகளில் வேலை பார்த்துவிட்டு அரசுப் பணிக்கு வந்தவர், கெட்டிக்காரப் பெண், எனக்கு முன்னாலேயே போய்ப் பார்த்திருந்தார். பார்த்துவிட்டு நேராக எங்கள் மேலதிகாரிக்குப் போன் செய்து பறவைக் காய்ச்சல் போலத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். சொன்னது தப்பில்லை. சந்தேகம் வந்தால் சொல்லத்தான் வேண்டும், நீங்களும் சொல்லுங்கள். ஆனால் அந்த மேலதிகாரிக்கு, "போல" என்கிற சொல் காதில் விழாது. அரை மணி நேரத்தில் வயலோரமாக ஒரு பொக்லைன் வந்து குழி வெட்டத் தொடங்கிவிட்டது.

பொக்லைன் சத்தத்துக்கு நடுவில் நான் நிவேதாவிடம் கேட்டேன். "என்னம்மா பாத்த?"

"முகம் வீங்கியிருக்கு சார். வாயால மூச்சு விடுது. தீனி எடுக்கல. கோழியில இப்படி வந்தா..."

"கோழி எங்க இருக்குது இங்க?"

அவர் வாத்துகள் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அந்த நேரத்தில் அவரை அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

அதற்குள் போன். மேலதிகாரிதான். "குழி ரெடியா? பேப்பர்காரன் வர்றதுக்குள்ள முடிச்சிடணும் பாத்துக்குங்க."

"சார், சாம்பிள் இன்னும் எடுக்கலிங்க. லேப்ல உறுதியாகாம அழிக்கக் கூடாதுன்னு விதியிலயே இருக்குதுங்க."

"விதி எனக்குத் தெரியாதா? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? கோழிதானே, போனாப் போவுது."

"வாத்து, சார்."

"ஏதோ ஒண்ணு."

எழுத்துமூலமாக உத்தரவு போடுங்கள், செய்கிறேன் என்றேன். போன் வைக்கப்பட்டது. எழுத்து வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாயால் மிரட்டுகிற முக்கால்வாசிப் பேர் எழுதச் சொன்னதும் பேனாவைத் தேடப் போய்விடுவார்கள். ஆனால் பொக்லைன் நிற்கவில்லை. அது தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்தது.

அஞ்சலை குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அழவில்லை. "யாருக்கு சார் இது?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து ஜாபர் பாய் வந்து சேர்ந்தார். கடைவீதியில் கோழிக்கறிக் கடை வைத்திருப்பவர். மூத்த மகன் துபாயில் இருக்கிறான், அங்கிருந்து அவனே இந்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறான். ஆட்கள் உள்ளே வராமலிருக்க நாங்கள் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று கத்தினார். "டாக்டர் சார், காலைலேர்ந்து ஒரு ஈ காக்கா கடைக்கு வர்ல. ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த வீடியோல சொல்லிடுங்க, நான் எல்லாருக்கும் அனுப்பிக்கிறேன்."

"எனக்கே தெரியாதத நான் எப்படி பாய் சொல்றது?"

"அப்ப இருக்குதுன்றீங்களா?"

"அதுவும் தெரியாது."

"என்னா சார் டாக்டரு நீங்க!" என்றார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் நம் வேலையில் மிகக் கஷ்டமான வாக்கியம் "தெரியாது" என்பதுதான். அதை நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் பிடித்து உலுக்கும்போது சொல்வது இன்னும் கஷ்டம். ஒருவர் அழி என்கிறார். ஒருவர் ஒன்றுமில்லை என்று சொல் என்கிறார். இரண்டில் எதைச் சொன்னாலும் உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிக்காகத்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

பாதுகாப்பு உடையை மாட்டிக்கொண்டு நானும் நிவேதாவும் பட்டிக்குள் இறங்கினோம். வெயிலில் அந்த உடைக்குள் வேர்வை முழங்கால் வரை இறங்கியது. நான் வாத்துகளைப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தேன். சாகப்போகிற கூட்டம் போல் இல்லை. கழுத்து திருகவில்லை, நடை தள்ளாடவில்லை. கண் தெளிவாக இருந்தது. ஆனால் கண்ணுக்குக் கீழே புடைப்பு, திறந்த வாய். அலகைத் தரையில் தேய்த்துத் தேய்த்துத் தலையை உதறிக்கொண்டே இருந்தன.

ஒரு வாத்தைப் பிடித்தேன். கண்ணுக்குக் கீழே கோழிக்கும் வாத்துக்கும் ஒரு காற்றறை உண்டு. அதன் வெளிச்சுவரில் எலும்பு கிடையாது, தோல்தான். உள்ளே எது சேர்ந்தாலும் அப்படியே வெளியே புடைக்கும். அது மூக்கோடு சேரும் வாசல் மேல்பக்கம் இருப்பதால் உள்ளே போனது லேசில் வடியாது. நோயால் சளி சேர்ந்தாலும் புடைக்கும், வேறு எது சேர்ந்தாலும் புடைக்கும். வீக்கம் எதனால் என்று வீக்கம் சொல்லாது.

அப்போதுதான் கை தானாக அந்த வாத்தின் தலையை வெயில் பக்கம் திருப்பியது. மூக்குத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். இருட்டு. அடுத்த வாத்து, அதுவும் இருட்டு. முகம் வீங்காத ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். ஊசி முனை அளவுக்கு வெளிச்சம். ஓரமெல்லாம் வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது.

"நிவேதா, இங்க வா. மூக்கு வழியாப் பாரு."

அவர் பார்த்தார். "சார், இது... வெள்ளையா..."

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி யூனிட்டின் பின்பக்கத்தைப் பார்த்தோம். பொம்மையும் வாஷ்பேசினும் வார்ப்பதற்குக் களிமண்ணைத் தண்ணீரில் மாவு போல் கரைத்து வைப்பார்கள். அதை ஸ்லிப்பு என்பார்கள். கழுவி விட்ட ஸ்லிப்புத் தண்ணீர் தேங்குவதற்கு அங்கே தாழ்வாக ஒரு தொட்டி. சுற்றி வேலி எதுவும் இல்லை. அதன் கரை முழுக்க வாத்துக் கால் தடம்.

"ஏம்மா அஞ்சலை, அந்தத் தொட்டில வாத்து எறங்குதா?"

"எறங்கும் சார். வாய்க்கால் காஞ்சி போயிட்டுது. வெள்ளத் தண்ணி, குளுமயா இருக்குதுன்னு வுட்டேன்."

"குடிக்கத் தண்ணி எதுல வெக்கிற?"

அவள் காட்டினாள். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற பிளாஸ்டிக் தட்டுகள். விரல் நனைகிற ஆழம். "தீவனக் கடயில குடுத்தாங்க சார். இதுல வெச்சா தண்ணி சிந்தாது, கோழிக்கெல்லாம் இதான்னாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டை எட்டி உதைத்தேன். வாத்துக்குத் தலையை முழுசாக முக்குகிற ஆழத்தில் நல்ல தண்ணீர் வேண்டும். அதில் முக்கித்தான் அது மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ளும். சேற்றில் துழாவுவது அதன் பிறவிக் குணம், கழுவிக்கொள்வதும் அதே குணம். இங்கே துழாவ ஸ்லிப்பு இருந்தது, கழுவ ஒன்றும் இல்லை. மாவு மாதிரியான மண் மூக்கில் ஏறி, வெயிலில் காய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்திருக்கிறது.

நிவேதா உடனே சலைன் பாட்டிலையும் ஸிரிஞ்சையும் எடுத்துவிட்டார். மூக்கைக் கழுவி விடத் துடித்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். முதலில் சாம்பிள். கழுவிவிட்டுச் சாம்பிள் எடுத்தால் மண்ணோடு சேர்ந்து நோயும் கழுவிப் போயிருக்கும், லேப்காரனுக்கு நீங்கள் அனுப்புவது வெறும் சலைனாக இருக்கும். மூச்சுத் திணறுகிற பறவையைக் கையில் வைத்துக்கொண்டு குச்சியில் பஞ்சு சுற்றிச் சாம்பிள் எடுப்பது கல்நெஞ்சு மாதிரித் தெரியும். எடுங்கள். செத்தவற்றையும், நோய் இருந்தால் பரவிவிடும் என்பதால், நாங்கள் அங்கே அறுத்துப் பார்க்கவில்லை, மூடிக் கட்டி லேப்புக்கு அனுப்பினோம்.

பிறகுதான் சலைன். வாத்தின் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து ஒரு மூக்குத் துளையில் மெதுவாகச் செலுத்தினோம். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் மறு துளை வழியாகப் பால் போல் வெள்ளையாக ஒழுகியது. கட்டியாக ஒன்று வந்து விழுந்தது. வாத்து தும்மியது. வாயை மூடியது. மூக்கால் ஒரு மூச்சு இழுத்தது.

நிவேதா துள்ளிக் குதிக்காத குறை. "சார்! அப்ப காய்ச்சல் இல்ல சார்! வெறும் மண்ணு சார்!"

கயிற்றுக்கு வெளியே நின்ற ஜாபர் பாய்க்கு இது கேட்டுவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போனை எடுத்துவிட்டார்.

"பாய், போன உள்ள வைங்க!" என்று கத்தினேன். நிவேதா பக்கம் திரும்பினேன். "மூக்குல மண்ணு இருந்தா காய்ச்சல் வரக் கூடாதுன்னு வாத்துகிட்ட யாராவது எழுதி வாங்கியிருக்காங்களாம்மா?"

புதியவர்களே, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் உங்கள் ஞாபகத்தில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்பதற்காக இன்னொரு காரணம் இல்லையென்று ஆகிவிடாது. மண்ணும் இருக்கலாம், நோயும் இருக்கலாம். நாம் கண்டுபிடித்தது நமக்கு இனிக்கும், அந்த இனிப்பில்தான் அடுத்த கேள்வியைக் கேட்க மறந்துபோவோம். காலையில் எல்லாரும் நோய் என்று முடிவு கட்டியபோது எனக்கு வந்த அதே எரிச்சல், சாயங்காலம் எல்லாரும் மண் என்று முடிவு கட்டியபோதும் வந்தது. இதனால் அன்று இரு பக்கமும் எனக்கு எதிரிகள் சேர்ந்தார்கள்.

லேப் முடிவு வர நாளாகும். அதுவரை வாத்தும் வெளியே போகக் கூடாது, அஞ்சலையும் போகக் கூடாது. சுகாதாரத் துறையிலிருந்து வந்து அவளுக்கும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். செராமிக் யூனிட் மேனேஜரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "எங்க ஸ்லிப்பு ரொம்ப ஃபைன் குவாலிட்டி சார். அதனாலதான் அவ்ளோ உள்ள போயிருக்குது." பெருமை! மறுநாள் அந்தத் தொட்டியோரம் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள். வாத்துகளுக்கு. நான் போய்க் கத்திய பிறகுதான் கம்பி வலை கட்டினார்கள். நியாயமாகச் சொன்னால் அந்த மேனேஜர் ஒரு நல்ல காரியமும் செய்தார். சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கிப் போட்டிருந்த வாஷ்பேசின்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். வடிகால் ஓட்டையைக் களிமண்ணால் அடைத்து, வரிசையாக வயலில் வைத்து நல்ல தண்ணீர் ஊற்றினோம். சில நூறு வாத்துகள் வாஷ்பேசினில் முகம் கழுவுவதை நீங்கள் எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நானும் நிவேதாவும் முறை வைத்து ஒவ்வொரு வாத்தின் மூக்கையும் கழுவினோம். பல தேறின. சில தேறவில்லை. அவற்றின் காற்றறைக்குள் மண் இறுகிப் போயிருந்தது.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடிந்தும் விடியாத நேரம் நான் போனபோது அஞ்சலை பட்டி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். காவலுக்கு இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"எங்கம்மா கெளம்பற?"

"பெண்ணாடம் பக்கம் ஓட்டிக்கிட்டு போயிடறேன் சார். அதுங்கதான் தேறிடுச்சே. மூக்குல வெளிச்சம் தெரியுதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ரிசல்ட்டு வர்ல இன்னும்."

"அந்தக் குழி என்னையே பாத்துக்கிட்டு இருக்குது சார். ராத்திரில தூக்கம் வர்ல. உங்க வூட்டு வாசல்ல இப்படி ஒண்ண வெட்டி வெச்சா நீங்க இருப்பீங்களா?"

இருக்க மாட்டேன். அதைச் சொல்லவும் செய்தேன். பிறகு சொன்னேன். "நீ இப்ப ஓட்டிக்கிட்டுப் போனா ஓடிட்டான்னுதான் சொல்லுவாங்க. ரிசல்ட்டுக்குக்கூட காத்திருக்க மாட்டாங்க. போற வழில எங்க பாத்தாலும் அங்கயே முடிச்சிடுவாங்க. ஒருவேள நோய் இருந்துச்சுன்னா, பெண்ணாடத்துல இருக்கிற அத்தன பேரு கோழி வாத்துக்கும் நீ கொண்டுபோய் குடுத்ததா ஆயிடும்."

அவள் வலையைக் கீழே போடவில்லை. "ரிசல்ட்டு தப்பா வந்தா என்னா பண்ணுவீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நல்லபடியா வரும் பயப்படாதே என்று சொல்வதற்கு வாய் வரை வந்தது.

"அழிச்சிடுவோம். அந்தக் குழியிலதான். நானே நின்னு செய்வேன்."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு அவள் சுருட்டிய வலையை மறுபடி விரித்துக் கட்ட ஆரம்பித்தாள். "நீங்க ஒருத்தராவது இருக்குதுன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா வசவு என்று எடுத்துக்கொள்வதா எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை. ஜாபர் பாய் அந்தத் தாளைப் படமெடுத்து ஊர் முழுக்க அனுப்பினார், துபாய்க்கும் அனுப்பினார். அதன் பிறகு செத்த ஒரு வாத்தை மருத்துவமனையில் அறுத்துப் பார்த்தோம். கண்ணுக்குக் கீழிருந்த காற்றறையிலிருந்து வெள்ளைக் கட்டி ஒன்று முழுசாக வந்தது, அதன் மடிப்பு வளைவு எல்லாம் பதிந்து, அச்சில் வார்த்த மாதிரி. நிவேதா அதைக் கழுவிப் பத்திரப்படுத்திக்கொண்டார். இப்போது அவர் வேறு ஊரில் இருக்கிறார், அவர் மேசைமேல் அது இருக்கிறதாம். கோழி மாதிரிதானே என்று யாராவது சொன்னால் எடுத்து முன்னால் வைக்கிறாராம். என் எரிச்சல் சரியான ஆளுக்குத்தான் தொற்றியிருக்கிறது.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி எழுந்து நின்று, பதற்றப்படாமல் விதிப்படி நடந்துகொண்டதற்காக எங்கள் மருத்துவமனையைப் பாராட்டினார். "நிதானமாச் செயல்பட்டு அத்தனை கோழிகளைக் காப்பாத்தியிருக்கீங்க" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறென்ன செய்வது?

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. அந்தக் குழி. அதை மூடச் சொல்லிக் கேட்டேன். வெட்டச் சொல்லித்தான் வாய்மொழி உத்தரவு இருந்ததாம், மூடச் சொல்லி எதுவும் இல்லையாம். யாராவது விழுந்து தொலைக்கப் போகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்வே பெற்றுவிட்டேன். கடைசியில் வயல்காரரே ஒரு பக்கத்தைச் சரித்துச் சரிவாக்கி, சுற்றி முள் வெட்டிப் போட்டார்.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் போய், தை பிறந்து, மறுபடி அறுவடை. ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். நானும் என் மனைவியும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். செராமிக் யூனிட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழி நிறையத் தண்ணீர். தண்ணீர் நிறைய வாத்து.

"நிறுத்துப்பா! நிறுத்து!" என்று கத்தினேன். கண்டக்டர் பயந்துபோய் விசில் அடித்தார். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ரிட்டயர் ஆனவராச்சே, பேசாம ஒக்காருங்க" என்றாள். நான் இறங்கிவிட்டேன்.

கரையில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏம்மா, ஒனக்கு அறிவு இருக்குதா? எங்கேர்ந்து வந்த தண்ணி இது? அந்தத் தொட்டித் தண்ணி கசியுதா பாத்தியா?"

"மழத் தண்ணி சார். சுத்திப் பாத்துட்டுதான் வுட்டேன். அங்கேர்ந்து ஒண்ணும் வர்ல."

"மூக்கு?"

அவள் குனிந்து பக்கத்திலிருந்த ஒரு வாத்தை லாவகமாகத் தூக்கி, தலையைச் சூரியனுக்கு நேரே திருப்பி என் கண்ணெதிரே பிடித்தாள். குனிந்து பார்த்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துல்லியமாக வெளிச்சம். எனக்குத் திட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை.

"இது யாருக்கு வெட்டின குழின்னு தெரியுமில்ல ஒனக்கு?"

"தெரியாம என்னா சார்?" என்றபடி அவள் வாத்தைத் தண்ணீரில் விட்டாள். அது உள்ளே போனதும் கழுத்து வரை முங்கி எழுந்து தலையை உதறியது. "நல்லா ஆழமா வெட்டியிருக்காங்க சார். தல முழுசா முங்குது."